பின்செட்டைப் புள்ளி

வண்ணத்துப்பூச்சி எண்டு சொன்ன உடனே மஞ்சளும் நீலமுமா ஒண்டு உங்கட கண்ணுக்கு முன்னால பறந்தால், அதைக் கலைச்சுவிடுங்கோ. நான் சொல்லப்போறது அதில்லை. இது வெறும் மண்ணிறம். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு வரும். உடம்புக்கு ஒவ்வாத பெரிய தலை, உருண்ட கண், தடிச்ச உடம்பு. புல்லு நுனியில செட்டையைப் பாதி திறந்து பாதி மூடிக்கொண்டு குந்தியிருக்கும். நீங்கள் ஒரு மூச்சு விட முந்தி அங்கால புல்லில நிக்கும். ஸ்கிப்பர் எண்டு பேர். அந்துப்பூச்சியாக்கும் எண்டு நினைச்சு நீங்கள் விளக்குமாத்தால தட்டிவிட்டிருப்பீங்கள். நானும் தட்டிவிட்டவள்தான், ஏன் பொய் சொல்லுவான்.

இந்தச் சாதியில ஒண்டை மாதிரித்தான் மற்றதும். எங்கட கொழும்புப் புல்லுத் தரையில நான் கூடுதலாக் காணுறது ரைஸ் ஸ்விஃப்ட். அதுக்கு பிராண்டட் ஸ்விஃப்ட் எண்டு ஒரு சொந்தக்காரர். ரெண்டு பேருக்கும் பின்செட்டையின்ர அடிப்பக்கத்தில பொட்டுப் பொட்டா வெள்ளைப் புள்ளியள் ஒரு வளைவா ஓடும். பிராண்டட்டுக்கு மட்டும் அந்த வளைவுக்கு உள்ளால, உடம்புக்குக் கிட்ட, தனியா இன்னொரு புள்ளி இருக்கும். ரைஸ் ஸ்விஃப்டுக்கு அது இல்லை. பிராண்டட்டில ஆண் எண்டால் முன்செட்டையின்ர மேல்பக்கத்தில ஒரு சாம்பல் கீறலும் இருக்கும். ஆனால் அந்தத் துரை செட்டையை விரிச்சுக் காட்டினால்தானே! ஆகமொத்தம் ஊசிமுனையளவு ஒரு புள்ளியை வைச்சு இவர் ஆர், அவர் ஆர் எண்டு சொல்லவேணும். இதை முதல் தரம் கேட்டபோது எனக்கு மயிர் சிலிர்த்துப் போச்சு. ஏனெண்டால் அது என்ர வேலை.

முப்பத்தொரு வருஷம் நான் ஒரு பாங்கில செக்கில இருக்கிற கையெழுத்தைச் சரிபார்த்தவள். ஒரு சுழி கூடினாலும் கண்டிடுவன், ஒரு வால் நீண்டாலும் கண்டிடுவன். சந்தேகமான செக் ஒண்டு வந்தால் மேல் மாடியில இருக்கிற பெரிய ஆக்களும் என்ர மேசைக்கு இறங்கி வந்து நிப்பினம். பென்ஷன் எடுத்த நாளில இருந்து என்ர கண்ணை ஒருத்தரும் கேக்கேல்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குள்ள இருந்துகொண்டு கட்டின மனுசனோட சண்டை, மீன்காரனோட சண்டை, கேக்க ஆளில்லாட்டி லிஃப்டோட சண்டை. மனுசன் பேப்பருக்குப் பின்னால முகத்தை ஒளிச்சுக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

ஒரு நாள் பின்னேரம் வாய்க்கால் கரையால நடந்து வரேக்க நாலைஞ்சு பேர் புல்லுக்குள்ள குனிஞ்சு நிண்டினம். மோதிரம் கீதிரம் தொலைச்சிட்டினமாக்கும் எண்டு நானும் கிட்டப் போய்க் குனிஞ்சன். அப்பிடித்தான் இந்த ஸ்கிப்பர் எனக்குள்ள புகுந்தது. வண்ணத்துப்பூச்சி பாத்து எண்ணிப் பதியிற ஒரு சின்னக் குழு அவையள். என்னையும் வட்ஸ்அப்பில சேத்துக்கொண்டினம். எல்லாற்ற கையிலயும் முழங்கை நீளத்துக்குக் கமெரா. என்ர கையில பிள்ளை வாங்கித் தந்த ஃபோன்.

குழுவில படம் பாத்து ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்லுறவர் வத்தளையில இருந்து வாற ஒரு பல் டொக்டர். நல்ல மனுசன், ஆனால் பதிவு விஷயத்தில இரக்கம் எண்ட ஒண்டு இல்லை. நான் அனுப்பின மூண்டு படத்தை மூண்டு தரமும், "படம் போதாது" எண்டு ஒரு வரியில திருப்பி அனுப்பினார். பல்லுப் பிடுங்கினமாதிரித்தான் இருந்தது. என்ர கண்ணை ஒருத்தர் நம்பேல்லை எண்டது எனக்கு எவ்வளவு சுட்டது எண்டு எழுதி விளங்கப்படுத்த ஏலாது.

இனி என்ர மச்சாளைப் பற்றிச் சொல்லவேணும். மனுசன்ர தங்கச்சி. கொட்டாஞ்சேனையில வீட்டில இருந்து தைக்கிறா: சாறி பிளவுஸ், பள்ளிக்கூட யூனிஃபோம், சேர்ச்சில முதல்நன்மை எடுக்கிற பிள்ளையளின்ர சட்டை. எட்டாம் வகுப்போட படிப்பு நிண்டது. நான் அவவை மச்சாள் எண்டுவன், அவ என்னை மச்சாள் எண்டுவா. ரெண்டு பேரும் மரியாதைக்கு 'நீங்கள்' போட்டுத்தான் கதைப்பம், சண்டை பிடிக்கிறதும் நீங்கள் போட்டுத்தான். அவவின்ர வீட்டுக்குப் பின்னால ஒரு வெறுங்காணி இருக்கு. ஃபிளாட் கட்டவெண்டு பழைய வீட்டை உடைச்சாங்கள், தகரம் அடைச்சாங்கள், பேந்து வேலை நிண்டுபோச்சு. இப்ப இடுப்பளவு புல்லும் மூக்குத்திப் பூண்டும். ஸ்கிப்பருக்குச் சொர்க்கம். காவல்காரப் பொடியன் சிங்களத்தில, "வண்ணத்துப்பூச்சியா நோனா? பாம்பு பாத்து நடங்கோ" எண்டு சிரிச்சுக்கொண்டு தகரத்தை விலத்தி விடுவான்.

முதல் தரம் அவவைக் கூட்டிக்கொண்டு போனது பயத்துக்குத் துணையாத்தான். போய் நிண்டு பத்து நிமிஷம் இருக்காது, "மச்சாள், இது வேற துணி" எண்டா.

"என்ன துணி?"

"உங்கட ஃபோனில நேற்றுக் காட்டினீங்களே, வாய்க்காலில எடுத்தது, அது சாம்பல் ஓடின மண்ணிறம். இது மஞ்சள் ஓடின மண்ணிறம். கரையில வைச்சிருக்கிற குஞ்சமும் வேற."

கையில கொண்டுபோன வண்ணத்துப்பூச்சிப் புத்தகத்தைத் திறந்து பாத்தன். ஐயோ ஆண்டவரே! வாய்க்காலில எடுத்தது பிராண்டட், இது ரைஸ். புள்ளி எண்ணாமல், நிறத்தையும் செட்டைக் கரையில இருக்கிற மயிரையும் பாத்துப் பிரிச்சிட்டா. பெட்டாக் கடைத்தெருவில, கடைக்குள்ள லைற் வெளிச்சத்தில ஒருநாளும் துணி வாங்கமாட்டா அவ. துணியைத் தூக்கிக்கொண்டு நடுத் தெருவுக்கு வந்து வெயிலில பிடிச்சுப் பாப்பா; கடைக்காரன் பின்னால ஓடி வருவான், இவ கணக்கெடுக்கமாட்டா. நாற்பது வருஷமா அப்பிடிப் பாத்த கண். நான் அண்டைக்கு வாயைப் பிளந்துகொண்டு நிண்டனான். பொறாமையும் வந்தது, அதையும் சொல்லத்தானே வேணும். ஆனால் அவவின்ர கண்ணைப் போல ஒரு கண்ணை நான் பாங்கில ஒருநாளும் காணேல்லை.

இனிச் சண்டைக்கு வாறன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தக் காணியில அரை மணித்தியாலத்தில பதினொரு ரைஸ் ஸ்விஃப்ட் எண்டு எண்ணி எழுதினன். மச்சாள் எட்டிப் பாத்திட்டு, "பதினொண்டா? விசர்க்கதை. நாலுதான். அதே நாலும் சுத்திச் சுத்தி வருது" எண்டா. "நாலெண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்க?" எண்டு கேட்டன். "எனக்குத் தெரியும்" எண்டா. தெரியுமாம்! முப்பத்தொரு வருஷம் பாங்கில இருந்த எனக்கு எண்ணத் தெரியாதாம்! தேத்தண்ணியையும் குடியாமல் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு பஸ் ஏறிட்டன்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிஞ்சு, கோவமும் அரைவாசி ஆறி, மத்தியானச் சாப்பாட்டுக்கு மனுசனோட மச்சாள் வீட்டுக்குப் போனம். அவ அடுப்படியில நிண்டா. நான் தனிய காணிக்குள்ள இறங்கினன். தகரத்துக்குக் கிட்ட ஒரு புல்லுத் தாளில ஒண்டு இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு இருந்தது. ஃபோனை நீட்டி ஒரேயொரு படம் எடுத்தன், அது பறந்து போட்டுது. படத்தை விரலால பெரிசாக்கிப் பாத்தால், வளைவுக்கு உள்ளால, உடம்புக்குக் கிட்ட, தனிய ஒரு வெள்ளைப் புள்ளி. பிராண்டட் ஸ்விஃப்ட்! அந்த வட்டாரத்தில எங்கட குழு ஒருதரமும் பதியாத பூச்சி. குழு அந்தப் பக்கம் போனதும் குறைவுதான், அது வேற கதை. நான் செருப்பை அங்கேயே விட்டிட்டு வெறுங்காலோட ஓடி வந்து, "மச்சாள்! மச்சாள்!" எண்டு அடுப்படியில கத்தினன். அவ கையைத் துடைச்சுப்போட்டு ஃபோனை வாங்கிப் பாத்தா. கன நேரம் பாத்தா. பேந்து, "வடிவான படம்" எண்டு சொல்லிப்போட்டுக் கறியைக் கிளறப் போட்டா.

குழுவுக்கு அனுப்பினன். அண்டிரவு டொக்டரிட்ட இருந்து பதில்: "தெளிவான புள்ளி. ஏற்றுக்கொள்ளுறன். நல்ல கண்." நல்ல கண்! அந்த ரெண்டு சொல்லையும் நான் எத்தினை தரம் வாசிச்சன் எண்டு மனுசனைக் கேளுங்கோ. அதோட விடேல்லை அவர். வாற சனிக்கிழமை வெள்ளவத்தையில குழுக்கூட்டம், ஸ்கிப்பரை எப்பிடிப் பிரிச்சு அறியிறது எண்டு நான் பத்து நிமிஷம் கதைக்கவேணும் எண்டும் கேட்டார். பென்ஷனுக்குப் பிறகு முதல் தரமா ஒருத்தர் என்னைக் கேட்டது. அந்தக் கிழமை முழுக்க நான் ஆரோடயும் சண்டை பிடிக்கேல்லை. மீன்காரன் பயந்துபோய், "அம்மாவுக்குச் சுகமில்லையோ?" எண்டு கேட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் மச்சாள் எங்கட ஃபிளாட்டுக்கு வந்தா. கூட்டத்துக்கு எண்டு எனக்கு ஒரு பிளவுஸ் தைச்சுக்கொண்டு வந்தவ. அதைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால நிக்கிறன், அவ பின்னால நிண்டு கை மடிப்பைச் சரிபாக்கிறா. அப்பத்தான் சொன்னா.

"மச்சாள், அந்தப் புள்ளி என்ர."

"எந்தப் புள்ளி?"

"படத்தில இருக்கிறது. நான் வைச்சது."

கதை இதுதான். அவவிட்ட ஒரே நேரத்தில இருபது முப்பது வெள்ளை யூனிஃபோம் வரும். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே துணி. மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு இடத்தில சோக்குக் கட்டியால ஒரு புள்ளி வைப்பா. வெள்ளைத் துணிக்கு நீலச் சோக், கறுப்புத் துணிக்கு வெள்ளைச் சோக். மெழுகு கலந்த தையல் சோக், பிளேட்டால சீவி ஊசி மாதிரிக் கூராக்கி வைச்சிருப்பா. நான் பதினொண்டு எண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்குப் பொழுதுபட, பூச்சியள் புல்லில ஒடுங்கின நேரம், அவ காணிக்குள்ள போயிருக்கிறா. ஒரு துண்டு நெட் துணியால ஒண்டை மெல்ல மூடி, அதின்ர இடப்பக்கப் பின்செட்டையில, உடம்புக்குக் கிட்ட வெறுமையாக் கிடந்த இடத்தில, துணிக்கு வைக்கிற மாதிரியே ஒரு வெள்ளைப் புள்ளி வைச்சிருக்கிறா. மற்றதுகள் பறந்திட்டுதாம். அடுத்த நாள் அதே பூச்சி திரும்பத் திரும்ப வாறதைக் காட்டி எனக்கு மூக்குடைக்கிறதுதான் திட்டம். அதுக்குள்ள நான் படத்தோட ஓடி வந்திட்டன்.

"என்ன வேலை பாத்தனீங்கள்! பூச்சிக்கு ஆரும் சோக் பூசுவினமோ? பூசினால் சொல்லவேண்டாமோ? ஒரு கிழமையா வாயில என்ன கொழுக்கட்டையோ?" எண்டு கத்தினன். மனுசன் பேப்பரோட பல்கனிக்குப் போட்டார்.

"உங்கட டொக்டர் வழக்கமா வேண்டாம் எண்டுதானே சொல்லுறவர். இதையும் அவரே வேண்டாமெண்டு சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அந்த மனுசன் இந்த ஒருக்கால்தானா ஓமெண்டு சொல்லவேணும்?" எண்டா மச்சாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, ஆனால் சிரிக்கேல்லை.

பேந்து நான் சொன்னதை எழுத வெக்கமாத்தான் இருக்கு. "ஒருத்தருக்கும் தெரியாது. டொக்டரே ஏற்றுக்கொண்டாச்சு. வாயை மூடிக்கொண்டு வாங்கோ" எண்டு சொன்னனான். ஒரு சந்தேகக் கையெழுத்தையும் முப்பத்தொரு வருஷம் விடாத நான்தான் அப்பிடிச் சொன்னது. அவ மறுக்கேல்லை. "சரி மச்சாள், நான் சொல்லமாட்டன். அது உங்கட படம்" எண்டு சொல்லி, மடிப்பில இருந்த ஒரு நூலைப் பல்லால கடிச்சு எடுத்தா.

மண்டபத்தில இருபது பேர் வரும். டொக்டர் எழும்பி, குறைஞ்ச வசதியோட கூர்மையாப் பாக்கிற ஆளெண்டு என்னைப் பற்றி வடிவா நாலு சொல்லுச் சொன்னார். லைற்றை அணைச்சினம். என்ர படம் சுவரில விழுந்தது, ஒரு ஆள் உயரத்துக்கு.

அந்த அளவில பாக்கத்தான் எனக்கே தெரிஞ்சுது. வளைவில இருக்கிற புள்ளியள் எல்லாத்துக்கும் விளிம்பு துப்புரவா இருக்கு. இது மட்டும் சோக்குப் பிடிச்சமாதிரித்தான் கரை உதிர்ந்து கிடக்கு. சோக்குப் பிடிச்சமாதிரி என்ன, சோக்கேதான்! இப்ப ஆராவது எழும்பிக் கேக்கப்போகினம் எண்டு எனக்கு வேர்த்துக் கொட்டிச்சுது. ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாரும் கை தட்டிச்சினம். கேட்டிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பன். கை தட்டினதைத்தான் தாங்க ஏலாமல் போச்சு. அந்தப் படத்தைப் பாத்து இந்த இருபது பேரும் இனி வாற பூச்சியை எல்லாம் பிழையாப் பிரிக்கப்போகினம்.

"இது பூச்சியின்ர புள்ளி இல்லை" எண்டன். "என்ர மச்சாளின்ர சோக். இது வெறும் ரைஸ் ஸ்விஃப்ட். எனக்கு இண்டைக்கு மத்தியானம்தான் தெரியும். சொல்லாமல் விடத்தான் வந்தனான்."

பேந்து ஆரோ பக்கெண்டு சிரிச்சினம், அதோட மண்டபமே சிரிச்சுது. டொக்டர் மட்டும் சிரிக்கேல்லை. லைற்றைப் போடச் சொல்லி, பின் வரிசையில நான் கை காட்டின மச்சாளைப் பாத்து, "நீங்கள் வைச்சீங்கள் எண்டது சரி. தெரியாத ஒருத்தர் இதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" எண்டு கேட்டார்.

மச்சாள் எழும்பினா. இருபது படிச்ச ஆக்கள் திரும்பிப் பாத்தினம்.

"முதல்ல துணியைப் பாருங்கோ டொக்டர். மஞ்சள் ஓடுது, சாம்பல் இல்லை. பேந்து மற்றப் பக்கத்தையும் பாக்கவேணும். கடவுள் வைச்சால் ரெண்டு பக்கமும் வைப்பார். நான் ஒரு பக்கம்தான் வைச்சனான்."

நான் ஏன் அதை யோசிக்கேல்லை? ஒரு செக்கைச் சரிபாக்க ரெண்டு மாதிரிக் கையெழுத்து எடுத்து வைச்சுப் பாத்த நான், ஒற்றைப் பக்கத்தைப் பாத்து முத்திரை குத்தியிருக்கிறன். டொக்டரும்தான். அவர் என்ர பதிவை அந்த இடத்திலயே அழிச்சார். அதுக்குப் பிறகு தன்ர கம்ப்யூட்டரில இருக்கிற படங்களைத் தள்ளித் தள்ளிப் பாத்தார். எவ்வளவு படம் ஒரு பக்கத்தோட நிக்குது எண்டு அவருக்கு அப்பத்தான் உறைச்சிருக்கவேணும், காது சிவந்துபோச்சு. இனி ஏலுமானமட்டும் ரெண்டு பக்கமும் எடுக்கச் சொல்லிச் சொன்னார்.

கூட்டம் முடிஞ்சும் ஆக்கள் மச்சாளை விடேல்லை. டொக்டர் தான் ரெண்டு வருஷமாப் பேர் வைக்க ஏலாமல் வைச்சிருந்த ரெண்டு படத்தை ஃபோனில காட்டினார். அவ ஃபோனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வெளிச்சத்துக்கு நேரை பிடிச்சுப் பாத்திட்டு, "ரெண்டும் ஒரே துணிதான் டொக்டர். இவர் புதுசு, இவர் போட்டுத் தேய்ஞ்சவர்" எண்டா. ரெண்டு படத்திலயும் பின்செட்டைக் கரையில ஒரே இடத்தில கொஞ்சம் நிறம் மிஞ்சிக் கிடந்ததைத் தொட்டுக் காட்டினா. டொக்டர் கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, திரும்பப் போட்டுப் பாத்து, "ஓம்" எண்டார். அந்த மனுசன்ர வாயில இருந்து ஒரு ஓம் வாறது எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்குத்தானே தெரியும். எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. இவ என்ர மச்சாள் எண்டு நாலு பேருக்குத் தேவையில்லாமல் சொன்னன்.

வெளிய வந்து ரெண்டு பேரும் காலி வீதியில பஸ்ஸுக்கு நிண்டம். எனக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கேல்லை. அந்தப் புள்ளியைக் காட்டி என்னை வெல்லத்தானே வைச்சவ. வெல்ல வந்த ஆள் ஏன் வாயைத் திறக்காமல் கறி கிளறப் போனவ?

"அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாமே, மச்சாள்" எண்டன். "டொக்டரைச் சாட்டாதேங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ."

அவ பஸ் வாற பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா.

"சாப்பாட்டில வைச்சுச் சொல்லத்தான் நினைச்சனான். நீங்கள் அண்டைக்கு ரெண்டாந்தரம் சோறு கேட்டீங்கள். பென்ஷன் எடுத்தாப்பிறகு எங்கட வீட்டில நீங்கள் ஒருநாளும் ரெண்டாந்தரம் கேட்டதில்லை, மச்சாள். கோப்பையில போட்ட சோத்தையே அரைவாசி விட்டிட்டு எழும்புவீங்கள்."

எனக்கு அது தெரியவே தெரியாது. அண்டைக்குச் சோறு கேட்டதும் ஞாபகமில்லை, அதுக்கு முந்தி விட்டிட்டு எழும்பினதும் ஞாபகமில்லை. என்னை அவ்வளவு நாளும் அவ பாத்துக்கொண்டிருந்திருக்கிறா.